விளக்கேந்திய கை வரைந்த வரைபு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வளர்ந்தது நம் தமிழ் மரபு. வார இறுதியில் நம் பிள்ளைகள் எழுத்தைத் தேடி இப்பள்ளிக்கு வருகின்றனர். வார நாட்களில் தாம் வாழும் நாட்டின் பாடசாலைகளில் எண்ணைக் கற்கின்றனர். அந்த எண் பாடத்தில் வரைபு என்றொரு பகுதி உண்டு. கிடையாக ஓர் அச்சும் நிலைக்குத்தாக ஓர் அச்சும் வரைந்து, புள்ளிகளைக் குறித்து, கோட்டால் இணைத்து, புள்ளிகளும் பெற்றுவிட்டால் அத்துடன் அப்பாடம் முடிந்ததென்றே பிள்ளைகளும் பெற்றோரும் எண்ணிவிடுகிறோம். அவ்வாறான ஒரு வரைபினால் ஒரு பேரரசின் மனத்தை மாற்றி, எண்ணற்ற உயிர்களைக் காக்க வழிவகுத்தவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

இரவில் கைவிளக்கேந்தி நோயாளரைக் காண வந்த காரிகை என்றே அவரை நாம் அறிவோம். அவ்விளக்கின் ஒளியில் அவருடைய மற்றொரு சிறப்பு மறைந்து போயிற்று. அவர் தலைசிறந்த புள்ளிவிபர அறிஞர். அந்தப் பக்கத்தையே இக்கட்டுரையில் நாம் சிறப்பாக நோக்குவோம்.

பிறப்பும் கல்வியும்

செல்வம் மிக்க ஆங்கிலேயத் தம்பதியர் திருமணத்தின் பின் ஐரோப்பாவில் நீண்ட பயணம் மேற்கொண்டனர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மூத்த மகள் பிறந்தாள். அந்நகரின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப் என்பதையே அவளுக்குச் சூட்டினர். இளைய மகள் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் பிறந்தாள். அவளுக்கும் பிறந்த நகரின் பெயரே பெயராயிற்று.

தந்தையார் கேம்பிரிட்ஜில் கல்வி கற்றவர். பெண்களுக்கு உயர்கல்வியின் கதவுகள் மூடிக்கிடந்த அக்காலத்தில், கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தம் புதல்வியர் இருவருக்கும் தாமே கற்பித்தார். புளோரன்சின் மனமோ கணிதத்தை நாடியது. இருபது வயதளவில், தனக்குக் கணிதம் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டுமென்று பெற்றோரிடம் மன்றாடினார். இல்லறம் நடத்தப்போகும் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது தாயாரின் எண்ணம். நீண்ட வாதத்தின் பின்னரே அனுமதி கிடைத்தது.

அடுத்த போராட்டம் இன்னும் கடினமானது. தாதியாகப் பணிபுரிய வேண்டும் என்ற விருப்பத்தை அவர் வெளியிட்டபோது குடும்பமே திகைத்தது. அக்காலத்து வைத்தியசாலைகள் அழுக்கும் நோயும் நிறைந்த இடங்கள். அங்கு பணிபுரிவது நற்குடிப் பெண்களுக்கு இழுக்கு எனக் கருதப்பட்டது. அவரோ தேடி வந்த திருமணத்தையும் மறுத்து, பல நாட்டு வைத்தியசாலைகளின் அறிக்கைகளைத் தேடிப் படித்துக் குறிப்பெடுத்தார். 1851ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வேர்த் நிலையத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853ஆம் ஆண்டில், தம் முப்பத்து மூன்றாம் வயதில், இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய நிலையத்தின் மேற்பார்வையாளரானார்.

போர்முனையின் அழைப்பு

1854ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று ரஷ்யாவுக்கு எதிராகப் போரில் இறங்கின. கருங்கடலின் கிரிமியக் குடாநாடு போர்க்களமாயிற்று. காயமுற்றோரும் நோயுற்றோரும் கவனிப்பாரற்றுக் கிடக்கும் அவலத்தை இலண்டன் பத்திரிகையொன்றின் நிருபர் எழுதியனுப்பவே, நாடு கொதித்தெழுந்தது. அரசாங்கத்தில் போர்த்துறைப் பொறுப்பிலிருந்த சிட்னி ஹேர்பேர்ட், அம்மையாரின் திறமையை அறிந்தவர். அவர் வேண்டுகோளை ஏற்று, 38 தாதியருடன் புறப்பட்ட அம்மையார், 1854 நவம்பர் 4ஆம் நாள் இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரி வைத்தியசாலையை அடைந்தார்.

அது ஒரு பழைய படைமனை. கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கி நாறியது. எலியும் பேனும் மலிந்திருந்தன. மாற்றுத் துணி இல்லை. தக்க உணவு இல்லை. அம்மையார் சமையலறையையும் சலவையையும் சீர்செய்தார். துணிகளும் பாத்திரங்களும் வாங்கினார். இரவில் நீண்ட கூடங்களினூடே விளக்குடன் நடந்தார். அக்காட்சியைச் சித்திரமாக்கிய இலண்டன் பத்திரிகை அவர் புகழை எங்கும் பரப்பியது.

ஆயினும் ஒரு கசப்பான உண்மையை நாம் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த முதல் குளிர்காலத்தில் மரணங்கள் குறையவில்லை, பெருகின. 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42.7 பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டது. அன்பும் அயராத உழைப்பும் மட்டும் அம்மரணங்களை நிறுத்தப் போதவில்லை.

மார்ச் மாதத்தில் அரசாங்கம் சுகாதார ஆணைக்குழு ஒன்றை அனுப்பியது. வைத்தியர் ஜோன் சதர்லாந்து, பொறியியலாளர் றொபேர்ட் றோலின்சன் ஆகியோர் அதில் இருந்தனர். கழிவுக்கால்வாய்கள் கழுவப்பட்டன, குப்பைகளும் இறந்த விலங்குகளும் அகற்றப்பட்டன, நீர் வரும் வழி தூய்மையாக்கப்பட்டது, காற்றோட்டம் உண்டாக்கப்பட்டது. ஜூன் மாதமளவில் மரண வீதம் நூற்றுக்கு 2.2 ஆக வீழ்ந்தது.

அம்மையார் மற்றொரு குறையையும் கண்டார். ஒரே வைத்தியசாலையின் வெவ்வேறு பதிவேடுகள் வெவ்வேறு மரணத் தொகைகளைக் காட்டின. எத்தனை பேர் மாண்டனர் என்றே தெரியாத இடத்தில், ஏன் மாண்டனர் என்று எவ்வாறு அறிவது?

புகழை விலக்கி எண்ணை நாடியவர்

1856 ஆகஸ்ட் மாதத்தில் ஆரவாரமின்றி அவர் தாயகம் திரும்பினார். கிரிமியாவில் பீடித்த காய்ச்சல் அவர் உடலை வாழ்நாள் முழுவதும் நலியச் செய்தது. வரவேற்புகளைத் தவிர்த்தார். மாண்ட வீரர்களின் நினைவு மட்டும் அவரை உறங்கவிடவில்லை. செப்டெம்பரில் விக்டோரியா மகாராணியாரைச் சந்தித்து, இராணுவத்தின் சுகாதாரம் பற்றி ஆராய ஓர் அரச ஆணைக்குழு வேண்டுமென வாதிட்டார். 1857இல் அது அமைந்தது. பெண் என்பதால் அவர் அதில் அங்கத்தவராக இயலவில்லை. எனினும் அதன் கணக்குகளுக்குப் பின்னால் இருந்த மூளை அவருடையதே. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் அவருக்குத் துணைநின்றார்.

எண்களை அட்டவணையாக வெளியிட்டால் போதும் என்பது அறிஞர் வழக்கம். மந்திரிமாரும் பாராளுமன்ற உறுப்பினரும் அட்டவணைகளைப் படிப்பதில்லை என்பதை அம்மையார் அறிந்திருந்தார். காதில் ஏறாததைக் கண்ணின் வழியே மனத்தில் ஏற்ற வேண்டும் என்று துணிந்தார். 1858ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வண்ண வரைபுகள் அத்துணிவின் பயனாகும்.

எண்ணை வாசித்தல்

மாணவச் செல்வங்களே, வரைபைப் பார்க்குமுன் அதன் பின்னுள்ள எண்ணைப் பார்ப்போம். 1855 ஜனவரியில் கிழக்கிலிருந்த பிரித்தானியப் படையின் சராசரித் தொகை 32,393. அம்மாதத்தில் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் மாண்டவர் 2,761 பேர். போர்க் காயங்களால் மாண்டவர் 83 பேர். பிற காரணங்களால் மாண்டவர் 324 பேர்.

மாதத்தில் 2,761 என்றால் அதே வேகத்தில் ஓர் ஆண்டுக்கு 33,132. இதனைப் படைத்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், ஆயிரம் பேருக்கு 1022.8 என்று வரும். ஆயிரம் பேரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எவ்வாறு இறக்க முடியும் என்று நீங்கள் வியக்கலாம். இது ஓராண்டில் உண்மையாக நிகழ்ந்த தொகையன்று. ஒரு மாதத்தின் வேகம். அவ்வேகம் தொடர்ந்திருந்தால், புதிய வீரர் வந்து சேராதவிடத்து, ஓராண்டு முடியுமுன்னரே ஒரு படை முழுவதும் நோயினாலேயே அழிந்திருக்கும் என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு மணி நேரம் ஓடியே தீர வேண்டும் என்பதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

தொகையை விட்டு வீதத்தைக் கணித்தது ஏன்? ஓராண்டின் பின், 1856 ஜனவரியில், படைத்தொகை 44,212 ஆகப் பெருகியிருந்தது. அம்மாதம் தொற்றுநோய்க்குப் பலியானோர் 42 பேர். வீதமோ ஆயிரத்துக்கு 11.4 மட்டுமே. படையின் அளவு மாறிக்கொண்டேயிருந்ததால் வீதத்தைக் கொண்டு ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு என அவர் கண்டார்.

வரைபு பேசிய உண்மை

அவருடைய புகழ்பெற்ற வரைபில் இரு வட்டங்கள் உள்ளன. வலப்புறத்து வட்டம் 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரையும், இடப்புறத்து வட்டம் 1855 ஏப்ரல் முதல் 1856 மார்ச் வரையும் உள்ள காலத்தைக் காட்டுகின்றன. மாதத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஆரைச்சிறைகள். ஒவ்வொரு சிறையின் கோணமும் 30 பாகை. நீலம் தொற்றுநோயையும், சிவப்பு காயத்தையும், கறுப்பு ஏனைய காரணங்களையும் குறிக்கும். இம்மூன்றையும் மையத்திலிருந்தே அளக்க வேண்டும்.

முதலில் அவர் அமைத்த வடிவத்தில் மையத்திலிருந்து செல்லும் கோட்டின் நீளமே மரண வீதத்தைக் குறித்தது. கோட்டு நுனிகளை இணைத்தபோது ஓர் இடர் தோன்றியது. மனிதக் கண் நீளத்தைப் பார்ப்பதில்லை, பரப்பையே பார்க்கிறது. நான்கு மடங்கான எண்ணுக்கு ஆரையை நான்கு மடங்காக்கினால் பரப்பளவு பதினாறு மடங்காகிவிடும். பெரியது மிகப் பெரிதாகத் தோன்றும். எனவே பின்னர் அவர் பரப்பளவே வீதத்தைக் குறிக்குமாறு வரைந்தார். எண் நான்கு மடங்கானால் ஆரை இரு மடங்கு மட்டுமே. வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த விடை வேறில்லை. தம் கட்சி வலுப்பெற வேண்டும் என்பதற்காகக்கூடக் கண்ணை ஏமாற்ற அவர் விரும்பவில்லை.

வரைபைப் பார்த்தவுடன் புலப்படுவது நீலத்தின் பேராட்சி. இரண்டாண்டுகளில் தொற்றுநோய்க்குப் பலியானோர் 14,000க்கும் மேற்பட்டோர். காயங்களுக்குப் பலியானோர் 1,800க்கும் குறைவானோர். எதிரியின் குண்டைவிட அழுக்கே பெரும் எதிரி என்பதை எழுத்தறியாதவரும் காணலாம். சிவப்பு நீலத்தை விஞ்சிய மாதம் ஒன்றே ஒன்று. அது 1855 செப்டெம்பர். அம்மாதம் நோயால் 189 பேரும் காயத்தால் 276 பேரும் மாண்டனர். செவஸ்தோப்போல் கோட்டைமீது இறுதித் தாக்குதல் நிகழ்ந்த மாதம் அது. வரலாறு அறிந்தவருக்கு வரைபின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒரு கதை சொல்லும்.

ஆனால் கவனமுள்ள வாசகர் இங்கே ஒரு கேள்வியை எழுப்பக் கூடும். சுகாதாரப் பணி மார்ச்சில் தொடங்கியது. மரணங்களோ பெப்ரவரியிலேயே 2,120 ஆகக் குறையத் தொடங்கிவிட்டன. குளிர் நீங்கி வசந்தம் வந்ததனால் மரணம் குறைந்திருக்கலாமே? நல்ல கேள்வி. அதற்காகவே இரண்டு வட்டங்கள் உள்ளன. குளிர்காலத்தைக் குளிர்காலத்துடன் ஒப்பிட வேண்டும். 1855 ஜனவரியின் 2,761 எங்கே? 1856 ஜனவரியின் 42 எங்கே? பருவகாலம் மட்டும் காரணமன்று என்பது தெளிவாகிறது.

அப்படியாயின், இரண்டாம் குளிர்காலத்தில் உணவும் உடையும் உறைவிடமும் மேம்பட்டிருந்தமை காரணமாகலாமே? இதுவும் நியாயமான ஐயமே. ஒரு வரைபு எப்போது, எவ்வளவு என்பதைக் காட்டும். ஏன் என்பதைத் தானாகவே சொல்லிவிடாது. ஆகவே அம்மையார் வேறொரு வரைபையும் வரைந்தார். அதில் போர்க்களமே இல்லை. அமைதிக் காலத்தில், இங்கிலாந்தின் படைமனைகளில் வாழ்ந்த வீரர்களையும், அதே வயதுச் சாதாரண ஆண்களையும் சலாகைகளால் அருகருகே காட்டினார். 20 முதல் 25 வயதுவரை ஆயிரம் பொதுமக்களில் ஆண்டுதோறும் 8.4 பேர் இறக்க, வீரரில் 17.0 பேர் இறந்தனர். 25 முதல் 30 வயதுவரை 9.2க்கு எதிராக 18.3. 30 முதல் 35 வரை 10.2க்கு எதிராக 18.4. 35 முதல் 40 வரை 11.6க்கு எதிராக 19.3.

வீரர்கள் உடல்நலம் சோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு உணவும் உடையும் குறைவில்லை; எதிரியும் இல்லை. இருந்தும் ஏன் இந்த வேறுபாடு? நெருக்கடியான கூடங்கள், காற்றோட்டமின்மை, கெட்ட வடிகால்கள் ஆகியவற்றையே அவர் சுட்டிக்காட்டினார். ஸ்கூட்டாரியில் கண்ட அழிவின் வேர் தாய்நாட்டிலேயே இருந்தது.

இவ்விடத்தில் அவருடைய மன உறுதியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கணக்குகளில் அவர் தாமே பணிபுரிந்த வைத்தியசாலையின் மரணங்களும் அடங்கியிருந்தன. நாடே அவரைத் தெய்வமாகப் போற்றிய வேளை அது. மௌனமாக இருந்திருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரோ தம் புகழைவிட உண்மையே பெரிதென மதித்தார். மாண்டவர்களை மீட்க முடியாது. இனி மாளப்போகிறவர்களைக் காக்கலாம் என்பதே அவர் நோக்கம்.

விளைந்த பயன்

படைமனைகளில் காற்றோட்டமும் வடிகாலும் சீரமைக்கப்பட்டன. இராணுவ வைத்தியக் கல்விக்கெனத் தனி நிலையம் தோன்றியது. இராணுவப் புள்ளிவிபரங்கள் ஒழுங்காகத் திரட்டப்பட்டன. 1858ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரை அங்கத்தவராகத் தெரிவுசெய்தது. அச்சங்கத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. 1860இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளிவிபர மாநாட்டில், எல்லா வைத்தியசாலைகளும் ஒரே முறையில் கணக்கெடுக்க வேண்டும் என்ற அவரது திட்டம் ஆராயப்பட்டது. அதே ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று.

அவர் பார்வை நம் முன்னோர் வாழ்ந்த மண்மீதும் விழுந்தது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அமைந்த ஆணைக்குழுவுக்காக, ஒவ்வொரு படைநிலையத்துக்கும் வினாக்கொத்து அனுப்பி விடைகளைத் திரட்டினார். ஆண்டுக்கு ஆயிரம் வீரரில் 69 பேர் இறப்பதை 1863இல் வெளிவந்த அறிக்கை காட்டியது. 1864இல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மாகாணங்களில் சுகாதார ஆணைக்குழுக்கள் நிறுவப்பட்டன. பத்தாண்டுகளின் பின் அவ்வீதம் 18 ஆகக் குறைந்ததை அவர் எழுத்தில் பதிவுசெய்தார். படையினருடன் அவர் நிற்கவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, குடிமக்களின் துயரையும் நீர்ப்பாசனத்தின் தேவையையும் எழுதி வலியுறுத்தினார். காவிரியிலும் கோதாவரியிலும் அணைகள் அமைத்த சேர் ஆதர் கொட்டனின் கருத்துகளை ஆதரித்தார். இத்தனைக்கும் அவர் ஒருநாளும் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். நோய்ப்படுக்கையிலிருந்தவாறே எண்களின் வழியாக அந்நாட்டைக் கண்டார்.

1907ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசின் சிறப்பு விருதாகிய ஓடர் ஒப் மெறிற், முதன்முறையாக ஒரு பெண்ணாகிய அவருக்கு வழங்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் அவர் உலகை நீத்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தபோதும் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரின் சிற்றூர் ஆலயமொன்றில் அவர் துயில்கிறார். கல்லறையில் முழுப்பெயரும் இல்லை. முதலெழுத்துகளும் ஆண்டுகளுமே உள்ளன. அவர் பிறந்த நாளாகிய மே 12 உலகத் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் கற்க வேண்டியது

இன்று பத்திரிகையைத் திறந்தாலும் தொலைக்காட்சியைப் பார்த்தாலும் வரைபுகள் நம்மைச் சூழ்கின்றன. நோய்ப் பரவல், விலைவாசி, வெப்பநிலை, தேர்தல் முடிவு யாவும் வரைபாகவே வருகின்றன. அவற்றை வாசிக்கத் தெரியாதவர் பிறர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியவராவார்.

ஆகவே, மாணவர்களே, எந்த வரைபைக் கண்டாலும் சில கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். அச்சுகள் எவற்றைக் குறிக்கின்றன? அளவிடை எங்கிருந்து தொடங்குகிறது? காட்டப்படுவது தொகையா, வீதமா? எத்தனை பேரில் இத்தனை? ஒப்பிடப்படுபவை ஒப்பிடத் தகுந்தவையா? வடிவம் கண்ணை ஏமாற்றுகிறதா? இறுதியாக, அந்தக் கோடு ஏறியபோதும் இறங்கியபோதும் உண்மை உலகில் நிகழ்ந்தது என்ன? தூர நேர வரைபில் கோடு கிடையாகச் சென்றால் வண்டி சமதரையில் ஓடுகிறது என்று சிலர் எழுதிவிடுவர். வண்டி நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். கோட்டின் தோற்றத்தைப் பார்ப்பது வேறு. அதன் பொருளை வாசிப்பது வேறு.

பெற்றோரே, பிள்ளை கணிதப் பயிற்சியை முடித்ததும் எத்தனை புள்ளிகள் என்று மட்டும் கேளாதீர்கள். இந்தக் கோடு என்ன சொல்கிறது என்று தமிழிலே கேளுங்கள். பிள்ளை தமிழிலே விளக்கட்டும். எண்ணும் எழுத்தும் ஒரே வேளையில் வளரும்.

அம்மையார் ஏந்திய விளக்கு அவ்வைத்தியசாலைக் கூடங்களிலிருந்தோருக்கு ஒளி தந்தது. அவர் வரைந்த வரைபோ அவர் ஒருநாளும் காணாத மனிதர்களின் உயிரையும் காத்தது. நம் பிள்ளைகளின் கையிலுள்ள பென்சிலுக்கும் அளவுகோலுக்கும் அத்தகைய ஆற்றல் உண்டு என்பதை அவர்களுக்கு உணர்த்துவோமாக.